தலை சாய்க்கும் கால்வழி

நினைவு நேர்மையான சான்றாளன் அன்று. எழுதியதை அழித்தும் அழித்ததைத் தன் விருப்பம்போல் நிரப்பியும் வைக்கும் கள்ளக் கணக்கன். ஆதலின், கற்றறிந்தோரே, கருமுகில் என்னும் குதிரை, இனம் பெருக்கும் பொலிக்குதிரைத் தேர்வுக்கு நின்ற அம்முற்பகலில் மழை தூறியதோ, புழுதி அடங்க நீர்தான் தெளித்திருந்தனரோ, உறுதியாய்ச் சொல்வதற்கில்லை. மணல் முற்றம் ஈரத்தால் கருத்திருந்தது. அதனைச் சூழ்ந்த கொட்டில்களின் அரைக்கதவுகளுக்கு மேலே குதிரைத் தலைகள் நிரைநிரையாய் நீண்டிருந்தன. அப்பால் வெள்ளையும் செம்மையும் மாறிமாறிப் பூசிய தாண்டுகட்டைகள், அவற்றிற்கும் அப்பால் பனியில் கரைந்து சரியும் புல்வெளி.

கருமுகிலின் தந்தை வழியில் மூன்று தலைமுறையும் வாகை சூடியவை. தாயோ, கடுஞ்சினமும் வில்லென வளைந்து தெறிக்கும் பின்னங்கால்களும் உடைய செம்பெட்டை. ஏழாண்டுகளில் அறுபத்தொரு போட்டிகளில் அவன் குளம்பு தட்டி வீழ்த்திய கட்டைகள் பதினொன்றே. பிற குதிரைகள் நான்கு விரற்கடை உயரத்தில் கடந்த தடையை அவன் இரண்டு சாண் உயரத்தில் கடந்தான்; கட்டைக்கும் குளம்புக்கும் இடையே தெரியும் அவ்வெளியைக் கொட்டிலார் ‘மிச்சம்’ என்று வழங்கினர். எழும்புமுன் தலையை வலப்புறம் திருப்பிச் சாய்ப்பதும் அவன் வழக்கம். அதனைச் செருக்கு என்றும் உயர்குடிப் பிறப்பின் குறி என்றும் வல்லுநர் வியந்தனர்.

அவனைப் பிறந்த ஈரம் துடைத்து வளர்த்த காப்பாளர் வியக்கவில்லை. வலப்புறம் வைத்த நீர்வாளியை மட்டும் அவன் இடறுவதை மூன்றாம் அகவையிலேயே கண்டிருந்தார். இடக்கண்ணைத் தடைக்கு நேரே கொண்டுவரவே தலை திரும்பியது. கட்டை எங்கே முடிகிறதென்று அறியாத அச்சமே அவனை இரண்டு சாண் மேலே தூக்கியது. உலகம் வீரமென்று கைதட்டியதைக் காப்பாளர் நடுக்கமென்று அறிந்து வாய் பூட்டியிருந்தார்.

தேர்வில் தவறினால் காயடித்து அயலாருக்குத் தள்ளிவிடுவர். தேர்வுக்கு வந்த கால்நடை மருத்துவர் குனிந்து பார்த்தார்.

“வலது கண்ணுல லேசாப் புகை மாதிரி தெரியுதேப்பா?”

“நேத்து வைக்கோல் குத்திருச்சுங்க ஐயா. பார்வையெல்லாம் கழுகுதான்.”

மருத்துவர் அக்கண்ணின்முன் கையை வீசினார். அதே நொடியில் காப்பாளரின் கட்டைவிரல் தாடைக்கீழ் வாரை மறைவாய் அழுத்த, குதிரை வெடுக்கென்று தலையை இழுத்தது.

“கோவக்காரன்தான். உன்கிட்ட கத்துக்கிட்டானா?”

“என்கிட்ட கத்துக்கிட்டிருந்தா இந்நேரம் வண்டியில்ல இழுத்துக்கிட்டிருப்பான்!”

கொட்டில் வாசலில் நின்ற காப்பாளரின் மகள் உட்பட எல்லோரும் சிரித்தனர். சிரிப்பினூடே கால்வழி ஏட்டில் மருத்துவரின் ஒப்பம் விழுந்தது.

குட்டிகள் பிறந்தன, பல தலை சாய்த்தன. வாங்க வந்தோர் சாய்ப்பைத் தேடி வாங்கினர். சாய்க்காத குட்டி கலப்போ என்று ஐயுற்றனர்! அவற்றுள் சிறந்த இளையவனைக் காப்பாளரின் ஒரே மகளும் கொட்டிலின் குதிரையேற்ற வீராங்கனையுமானவளுக்கு அளித்தனர். முதற்போட்டி நாளில், சேணத்தின் வாரை இறுக்கியபடி அவர் தணிந்த குரலில் சொன்னார்:

“இன்னிக்கு இவன் மேல ஏற வேணாம்மா.”

“ஏம்ப்பா?”

“தலையச் சாய்க்கிறான் பாரு. இவனுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியல.”

“அதுதாம்ப்பா இவங்க வம்சமே! இவங்கப்பனும் அப்படித்தானே தாண்டினான்?”

“அவனுக்கும் தெரியாதும்மா.”

அவள் சிரிப்பு நின்றது. “அப்ப டாக்டர்கிட்ட கழுகுன்னு சொன்னது யாரு? அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?”

‘அன்றைக்கு’ என்னும் ஒரு சொல் போதும். ஆனால் உரிமையாளரும் அம்மருத்துவரும் பத்தடி தொலைவில் நின்றனர். காப்பாளர் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் விழுந்த விதைபோல் அச்சொல் அவர் நெஞ்சிலேயே காய்ந்தது.

“நான் விழுந்துடுவேன்னு பயம் உங்களுக்கு. அதுக்காகப் பாவம், குதிரைய ஏன் குருடாக்குறீங்க?” என்று அவர் தோளைத் தட்டிவிட்டு அவள் ஏறினாள்.

நான்கு தடைகளை இளையவன் நலமாய்க் கடந்தான். ஐந்தாவது வலப்புற வளைவில் இருந்தது. கருமுகிலின் கண் அவனுக்கு வந்திருந்தது. தந்தையின் அச்சம் வரவில்லை. மிச்சமின்றி அவன் எழுந்தான்.

வழிவழி வருவனவற்றுள் நாம் தேர்ந்தெடுப்பது சிலவே. மறைத்தவையோ தாமே தேர்ந்துகொண்டு வருகின்றன.

கட்டை தடுக்கி விழுந்த இளையவன் அன்றே இறந்தான். மகள் பிழைத்தாள், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அக்கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. தந்தையிடம் வேறு எதையும் கேட்பதுமில்லை. மருத்துவர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். கருமுகில் இருகண்ணும் இருண்டு இருபத்தாறாம் அகவையில் இறந்தான். கால்வழி ஏட்டில் அவன் பெயருக்கு நேரே கண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காப்பாளர் அதே கொட்டிலில் அவன் வழிக்குட்டிகள் இருபத்துமூன்றைப் பேணி வருகிறார்.