வீடு எழுதப்படாத லிப்ட்காரர்

கவிஞர் தன் கவிதையில் எழுதிய லிப்ட்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, தனக்கு வீடு எழுதப்படவில்லை என்று தெரிவித்தார். புகார் நியாயமானதுதான். மேல் பொத்தான் இல்லாத காக்கிச் சட்டை, சர்க்கரை வியாதி, அதையும் மீறிச் சர்க்கரை டப்பாவுக்குள் போகும் கை, செத்துப்போன ஒரு மகள், அழ ஆரம்பித்தால் கண்ணை முந்திக்கொண்டு ஒழுகும் மூக்கு என்று எல்லாம் கொடுத்த கவிஞர், படுக்க ஓர் இடம் கொடுக்க மறந்துவிட்டார். கவிதைக்காரர்கள் செய்கிற தவறு இது. கதை எழுதுகிறவன் வாடகை பேசிவிட்டுத்தான் ஆளை இறக்குவான்.

கவிஞர் பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போட்டார். போன வருஷம் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போனாள். அவர் அழவில்லை. மறுவாரம் வேலைக்குப் போனார். ஒரு சட்டையிலும் சுருக்கம் இல்லை. துக்கம் என்று எழுதிப் பார்த்தார், அந்தச் சொல்லும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. துக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள், துக்கப்படுகிற ஆளை நம்புவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால்தான் லிப்ட்காரரை உண்டாக்கினார். வந்தவர் கூடத்தில் பாய் விரித்து, கவிஞரின் பங்கையும் சேர்த்து அழுதார்.

அவருக்கென்று அவசரமாக ஒரு வீடும் எழுதப்பட்டது. போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிட்டார்.

"சார், கதவு இருக்கு, தாழ்ப்பாள் இல்ல. ஜன்னலைத் திறந்தா நிலாதான் தெரியுது, தெருவே காணோம்."

கவிஞரின் மனைவி மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். "இருக்கட்டும் விடுங்க. இந்த வீட்ல ஒரு ஆம்பளையாவது அழறாரே."

சில மாதங்கள் போயின. ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "முன்னப்பின்ன தெரியாத ஆளை வரவழைச்சீங்க. நம்ம பொண்ணை வரவழைக்க மாட்டீங்களா?"

கவிஞர் கடைக்கு லீவு போட்டுவிட்டு எழுதினார். எழுதி முடித்த அன்றே ஒரு பெண்பிள்ளை வந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, நிலவு போன்ற முகம். செருப்பை ஜோடி சேர்த்து வைத்தது, வணக்கம் சொன்னது, போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தது. தாய் அதை மேலும் கீழும் பார்த்தாள். "இது யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம். நம்மது இல்லை" என்றாள். குழந்தையில்லாத கீழ்வீட்டு டைலர் தம்பதி அதை வளர்க்கிறார்கள். இன்றுவரை ஒரு குறையும் கிடையாது. அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது என்கிறார்கள்.

"செத்துட்டாளேன்னு அவளை நல்லவளா ஆக்கிட்டீங்க" என்றாள் மனைவி. "லிப்ட்காரருக்கு ஒழுகுற மூக்கு வரைக்கும் குடுத்தீங்களே. அவ பொய் சொல்வா. பல் தேய்க்காமலே தேய்ச்சேன்னு சத்தியம் பண்ணுவா. வலது காலைத் தூக்கி வைக்க மாட்டா, மாடி ஏறும்போது சரக் சரக்குன்னு தேய்ப்பா. மாசம் ஒரு செருப்பு."

கவிஞருக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருந்தது, தேய்த்தது இல்லை. ஆனாலும் அவள் சொன்னதில் செருப்புத் தேய்வதை மட்டும் ஒரே வரியாக எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. சரக், சரக். கதவு வரை வந்தது. திறந்தால் யாரும் இல்லை. ஒரு வரிக்கு அவ்வளவுதான் வரும். லிப்ட்காரர் அழுகையை நிறுத்திவிட்டு, நாலாவது மாடியில் லிப்டை நிறுத்துகிறவர்போலக் கையை உயர்த்தினார். கவிஞரின் மூக்கு லேசாக ஒழுகியது. ஜலதோஷம் என்றார்.

அதற்குப் பிறகு அந்த நேரத்தில் கதவைச் சாத்துவதில்லை. சத்தம் ஏறி வரும்போது மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பாள்.

"காலைத் தூக்கி வைடி, சனியனே."

அது தூக்கி வைப்பதில்லை.