இன்னொரு சாவி யாரிடம்

...இல்லை, தொலையவில்லை, தொலைந்தது என்று எப்படிச் சொல்வது, சாவி எங்கே இருக்கிறது என்று கெய்னருக்கு நன்றாகவே தெரியும், கதவுக்கு அந்தப் பக்கம், நீலப் பீங்கான் கிண்ணத்தில், கடிதம் போடும் துவாரத்தைத் தள்ளிப் பார்த்தால் கிண்ணத்தின் விளிம்புகூடத் தெரிகிறது, அவளுக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவு, அவ்வளவுதான். குளியல் தொட்டிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, அது நிறைவதற்குள் குப்பையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று குளியல் அங்கியோடு வாசலுக்கு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தூறல், யார் பார்க்கப்போகிறார்கள், பையைக் குப்பைத் தொட்டிக்குள் திணித்து மூடியை அழுத்தும்போதே காற்று வந்து கதவை அறைந்து சாத்திவிட்டது, அதுவோ சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள். சன்னல்கள் எல்லாம் மார்ச் குளிருக்கு மூடிக்கிடக்கின்றன. நல்லவேளை, கைபேசி அங்கியின் பையில் இருந்தது, அதில் எப்போதோ சேமித்து வைத்த ஓர் எண், வீட்டு அவசர உதவிக் காப்பீடு, வருடா வருடம் கட்டுகிறாள், ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா... கேட்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது.

மறுமுனையில் பேசிய பெண்ணின் பெயர் கெரிஸ், வேல்ஸ்காரி என்று பேச்சின் இழுவையிலேயே தெரிந்தது, அவசரமே இல்லாத குரல், எதிரில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பவள் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாவி தொலைந்ததா, திருடு போனதா, பூட்டுக்குள் ஒடிந்ததா. மூன்றும் இல்லை என்றாள் கெய்னர். உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் இடம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் போக வேறு வழியே இருக்கக் கூடாது என்றாள் கெரிஸ். வழி இல்லை, சுற்றிப் பார்த்துவிட்டேன் என்று கெய்னர் சொன்னாள், தண்ணீர் வேறு திறந்துகிடக்கிறது, தொட்டி நிறைந்து வழிந்தால் கீழே சமையலறை. ஓ, தண்ணீரா, என்று கெரிஸ் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. குழாய் வெடித்ததா? இல்லை, நான்தான் திறந்தேன். திறந்துவிட்டது காப்பீட்டில் சேராதுங்க, குழாய் திடீரென்று உடைந்திருக்க வேண்டும், வீட்டுக்காரர் எதிர்பாராததாக இருக்க வேண்டும். நான் இதை எதிர்பார்க்கவில்லையே என்றாள் கெய்னர், கெரிஸ் சிரித்துவிட்டாள், பிறகு அலுவலக நினைவு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கோபம் வரவேண்டிய இடம் இது, ஆனால் கெய்னருக்குக் கோபம் வரவில்லை, என்ன இது, எவ்வளவு நுணுக்கமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது, எதெல்லாம் அவசரம், எதெல்லாம் அவசரம் இல்லை என்று யாரோ சில பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள், நடுங்கும் குளிரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றால் அவசரம், அதே பாய்லர் ஜூலையில் நின்றால்? கேட்டேவிட்டாள். சுடுதண்ணீர் வரவில்லை என்றால் ஆள் அனுப்புவோம் என்றாள் கெரிஸ், ஆனால் ஒழுங்காக வருடத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்துப் பராமரித்திருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, துருப்பிடித்து, பல நாளாகக் கசிந்து வந்தது எதுவும் சேராது. பல நாளாகக் கசிந்து வந்தது... இத்தனை வருடம் கூட வாழ்ந்த ரஸல் வீட்டைவிட்டுப் போனதையும் இவர்களிடம் சொன்னால் தள்ளுபடிதான் செய்வார்கள், அது வெடித்த நாள் என்று ஒரு நாளைக் காட்ட முடியாது, சண்டை இல்லை, இன்னொருத்தி இல்லை, ஒரு நவம்பரில் அவன் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான், அவள் ஒட்டும் நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான், இரண்டு பேரும் சேர்ந்து யாரோ மூன்றாவது ஆளை வீடு மாற்றி அனுப்புவது போல.

"வேற யார்கிட்டயாவது இந்த வீட்டுச் சாவி இருக்குங்களா?" என்றாள் கெரிஸ்.

கெய்னர் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள், கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பாள், சிலர் ஒலியே இல்லாதபோதும் அழுத்துவார்கள், ஏமாற்றுவதற்காக இல்லை, கேட்க வேண்டும் என்ற ஆசை, அந்த ஆசையே ஒலி மாதிரி அவர்களுக்குக் கேட்டுவிடும். இப்போது அவள் வாய் தானாகவே இருக்கு என்று சொல்லப் போய் பாதியில் நின்றது. ரஸலிடம் இருக்கிறதா? அவன் கொடுக்கவில்லை, அவள் கேட்கவில்லை, இந்த இரண்டும்தான் அவளுக்குத் தெரியும். அவன் போன இந்த இரண்டு வருடத்தில் தூக்கிப் போட்டிருக்கலாமே. யாரிடமும் இல்லை என்று சொன்னால் பொய்யும் ஆகாது, பூட்டுத் திறக்கிறவன் வருவான், திறப்பான், போவான், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை... ஒரு நிமிஷம் இருங்க என்றாள், ஏனென்றால் டெல்ராய் குடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார்.

டெல்ராய் அடுத்த வீடு, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஜமைக்காவிலிருந்து குழந்தையாக இங்கிலாந்துக்கு, இந்த ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு வந்தவர், தெருவில் நடப்பது எதுவும் அவர் சன்னலைத் தாண்டாமல் நடக்காது. நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் நடைபாதையில் பதித்திருந்த சின்ன இரும்பு மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, உள்ள போகாமயே தண்ணிய நிறுத்தலாமே. உன் வீட்டு வால்வு இங்கதான இருக்கு." கெரிஸும் காதுக்குள் அதையேதான் சொன்னாள், வெளியிலிருந்து அடைக்க முடிந்தால் உடனே அடைத்துவிடுங்கள், சேதத்தைக் குறைக்கப் பார்ப்பது உங்கள் பொறுப்பும்தான் என்று. டெல்ராய் வீட்டிலிருந்து நீளமான இரும்புத் திருகியைக் கொண்டுவந்தார், மூடியைத் திறந்தால் சேறும் ஒரு நத்தையும், வால்வு அசையவில்லை, அவர் முட்டி போட்டார், அவளும் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் முட்டி போட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து திருகியதில் முனகிக்கொண்டே நகர்ந்தது. தண்ணீர் நின்றுவிட்டது, நின்றிருக்க வேண்டும், மேலே போய்ப் பார்க்க முடியாதே. கெரிஸிடம் சொன்னாள், மெத்த நல்லதுங்க என்றாள் கெரிஸ், கொஞ்சம் தயங்கி, ஆனால் இப்போது வீட்டுக்கு ஆபத்து நீங்கிவிட்டதால் இது முதல் வரிசை அவசரத்தில் வராது என்றாள்.

அப்படியானால் நானே அடைத்ததால்தான் அவசரம் இல்லாமல் போய்விட்டதா, அடைக்காமல் இருந்திருந்தால்? அடைக்காமல் இருந்திருந்தால் சேதத்தைத் தடுக்கவில்லை என்று அதுவும் ஒரு குறை ஆகியிருக்கும். கெய்னருக்கு இது பிடித்திருந்தது, ஒரு விடுகதையின் உள்பக்கத்தைப் பார்ப்பது போல, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்னக் கதவு, அதில் ஒரு சின்னக் கேள்வி. இவர்கள் வீட்டைச் சரிசெய்து தர வருவதில்லை, மோசமாகாமல் நிறுத்திவைக்க மட்டுமே வருகிறார்கள், நிறுத்திவைத்த பிறகு மிச்சத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் அந்த மிச்சம்தானே பெரிது... இதை ஏன் இத்தனை வருடமும் யாரிடமும் கேட்காமல் இருந்தேன்? இந்தக் காப்பீட்டை எடுத்ததே ரஸல்தான், ஒரு பனிக்காலத்தில் பாய்லர் நின்று இரண்டு பேரும் கோட்டோடு படுத்த வாரத்துக்குப் பிறகு, இனிமே கவலை இல்ல கெய்ன் என்றான், கவலை இல்லை என்ற சொல்லை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள், எதற்குக் கவலை இல்லை என்று கேட்கவில்லை.

சாவி இன்னொருத்தரிடம் இருக்கலாம் என்று கெரிஸிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கே ஆச்சரியம். அப்படியானால் முதலில் அவரைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் பூட்டுத் திறக்க ஆள் அனுப்புகிறேன், எப்படியும் நானே திரும்பக் கூப்பிடுகிறேன் என்றாள் கெரிஸ்.

ரஸலின் எண்ணை அழுத்தினாள். எடுத்ததும் அவன் குரலில் தூக்கம் இருந்தது, பிறகு பயம். என்ன ஆச்சு என்றான். ஒன்றும் ஆகவில்லை என்றாள், என்னத்தை ஒன்றும் ஆகவில்லை, தெருவில் அங்கியோடு நிற்கிறேன்.

"உங்கிட்ட நம்ம வீட்டுச் சாவி இருக்கா?" என்றாள். நம்ம என்று வந்துவிட்டது, திருத்தினால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அவன் படுக்கையிலிருந்து எழும் சத்தம் கேட்டது. "இருக்கு. வரேன்."

டெல்ராய் தன் பழைய பேருந்துக்காரர் கோட்டை அவள் தோளில் போட்டார், தன் வீட்டு வாசலுக்குள் உட்காரவைத்துத் தேநீரும் இஞ்சிக் கேக்கும் கொடுத்தார். "தலைய வாரிக்க சீப்பு வேணுமா? வரப்போறது யாரோ எவரோ இல்ல பாரு" என்றார், வாரிக்கொண்டு நின்றால் அவன் பயந்துவிடுவான் என்றாள் அவள், அவர் அதற்குச் சிரிக்காமல் மழையைப் பார்த்தார். அவள் யோசித்துக்கொண்டிருந்தது சாவியைப் பற்றி. எங்கிருந்து எடுப்பான்? தினமும் கையில் இருக்கும் சாவிக்கொத்திலேயே இருக்குமா, மறந்துபோய் இருக்கிறது என்று அர்த்தம். ஏதோ அலமாரி இழுப்பறையில் தேடி எடுத்துவருவானா, அப்படியானால் ஒதுக்கிவிட்டான் என்று அர்த்தம். இரண்டில் எது வேண்டும் எனக்கு? எதுவும் வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான், சும்மா தெரிந்துகொள்ள.

கார் வந்தது. இறங்கினான், தாடி வைத்திருந்தான், நரைத்த தாடி, அது அவனுக்குப் பொருந்தியதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல். டெல்ராய்க்குத் தலையசைத்தான். கோட்டைப் பார்த்தான், எந்த வழித்தடம் ஓட்டுற என்றான், அவள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள், சிரித்தாள். சாவியைப் பணப்பையிலிருந்து எடுத்தான். கொத்திலிருந்து இல்லை, பணப்பையில் சில்லறை போடும் மடிப்பிலிருந்து, தனிச் சாவி, வளையம்கூட இல்லாமல். இது அவள் நினைத்த இரண்டிலும் சேரவில்லை, கொத்திலிருந்து கழற்றியிருக்கிறான், ஆனால் போகும் இடமெல்லாம் கூடவே வைத்திருக்கிறான், கழற்றியதும் வைத்திருப்பதும் ஒரே ஆள்...

கதவு திறந்தது. உள்ளே போனதும் பழைய வழக்கப்படி காலணியைக் கழற்றினான், பிறகு ஏதோ தோன்றி மறுபடி ஒரு காலை உள்ளே நுழைத்தான், பிறகு சமையலறையிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்டு ஒற்றைக் காலணியோடே ஓடினான். அவள் மாடிக்கு ஓடினாள், தொட்டி விளிம்பு வரை நிறைந்து, அசைவில்லாமல், தரைவிரிப்பு ஊறிக்கிடந்தது, விளிம்புக்குக் கீழே மிச்சத் தண்ணீர் வடிந்துபோகும் ஓட்டை பாதி அடைத்திருப்பது அவளுக்கு முன்பே தெரியும், அதுவும் சேராது, தெரிந்தே விட்டது சேராது. குழாயை மூடினாள். கீழே வந்தால் சமையலறையின் அட்டை உட்கூரை தண்ணீர் தேங்கி நடுவில் பானை வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, ரஸல் மேசையை ஓரமாக இழுத்துவிட்டு வாளியை வைத்து, திருப்புளியால் அந்த வயிற்றில் மெல்ல ஒரு துளை போட்டான். விட்டுவிட்டால் மொத்தமும் இடிந்து விழும், இதுவே மேல், என்றான். தண்ணீர் நூலாக வாளியில் இறங்கியது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ பறவை வந்து உட்கார்ந்திருப்பது போல, சத்தம் போட்டால் பறந்துவிடும் என்பது போல.

கூரைக்குப் பணம் வருமா என்று கேட்டான். இதில் வராது, இது நிறுத்திவைக்க மட்டும், சேதத்துக்கு வீட்டுக் காப்பீடு வேறு, அதிலும் தவறுதலாக நடந்ததற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும், என்று அவள் கெரிஸ் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து விளக்கினாள், அவன் ஆர்வமாகக் கேட்டான், அப்போ இத்தனை வருஷம் நாம எதுக்குக் கட்டினோம் என்றான், பாய்லருக்கு என்றாள், பாய்லர் அதற்கப்புறம் நிற்கவே இல்லையே என்றான், அதுதான் வேடிக்கை என்றாள். இப்படி இரண்டு பேரும் கடைசியாக எப்போது ஒரு விஷயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம்? அவன் சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான், கிண்ணத்திலும் போடவில்லை, பணப்பையிலும் வைக்கவில்லை. அது அவனிடம் இருக்கும்வரை இன்னொரு தடவை கதவு பூட்டிக்கொண்டாலும் யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள், வாங்கிவிட்டால் அனுப்புவார்கள், கேட்கலாம், கொடுத்துவிட்டுப் போ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்... அவள் துடைக்கும் துணியை அவனிடம் நீட்டினாள், அவன் அதை வாங்க சாவியை மறு கைக்கு மாற்றினான்.

கைபேசி அதிர்ந்தது, கெரிஸ். உள்ளே போய்விட்டீர்களா என்று கேட்டாள். போய்விட்டேன் என்றாள் கெய்னர். சந்தோஷங்க என்றாள் கெரிஸ், நிஜமாகவே சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது.

"அப்ப, அவசரம் முடிஞ்சுதுன்னு பதிவு பண்ணிடட்டுங்களா?"

ரஸல் முதுகைக் காட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான், காதில் விழுந்திருக்கும், கை கொஞ்சம் மெதுவானது போல அவளுக்குத் தோன்றியது, தோன்றியதா, உண்மையிலேயே மெதுவானதா, ஒலி வந்ததா, கேட்க வேண்டும் என்ற ஆசையா. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். எளிய கேள்வி, காலையிலிருந்து கெரிஸ் கேட்டதிலேயே எளிய கேள்வி.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருக்க முடியுமா?" என்றாள்.