செங்கோட்டையனின் மணிக்கட்டு

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது செங்கோட்டையனின் வலது கை அவன் சொன்னபடி கேட்காமல் போய்விட்டது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம். பந்தலுக்கு மூங்கில் வாங்கப் போனவன், கல்யாண வேலை அலுப்பில், திரும்பும் வழியில் மாட்டுவண்டியிலேயே அசந்து தூங்கிவிட்டான். வலது மேல்கை வண்டியின் ஓரக்கட்டையில் அழுந்த, கை வெளியே தொங்கிக்கொண்டே வந்தது. மத்தியான வெயில் முகத்தில் அடித்து விழித்தபோது மணிக்கட்டு கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தான், எழவில்லை. விரல்களும் விரியவில்லை. வலி ஒன்றுமில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. கட்டைவிரலின் பின்பக்கம் மட்டும் யாருடையதோ போல மரத்திருந்தது.

கண்ணேறு என்றாள் அம்மா முத்தாயம்மாள். பக்கவாதம் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட, கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்ற பேச்சே கிளம்பிவிட்டது. பெண் அசலார் வீடு இல்லை, தாய்மாமன் மகள் சௌந்திரம்தான். மறுநாள் விடிந்ததும் செங்கோட்டையன் சேலத்துக்குப் பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாரதாமணி அவனைச் சிரிக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், முழங்கையை நீட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. எப்படித் தூங்கினான் என்பதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பக்கவாதம் இல்லை. மூளையும் நல்லா இருக்கு, கையும் நல்லா இருக்கு. நடுவுல ஓடுற நரம்புதான் நசுங்கியிருக்கு."

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முதுகெலும்புக்குள் தண்டுவடம், அதில் கண்ணுக்குத் தெரியாத நரம்பணுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் முடியைவிட மெல்லிய இழை ஒன்று கைத்தசை வரை ஒரே ஓட்டமாக வருகிறது. அப்படிப் பல ஆயிரம் இழைகள் சேர்ந்த கட்டுதான் நரம்பு. தூக்கு என்று மூளை நினைத்தால் அந்த நரம்பணு துடிக்கும். துடிப்பு மின்சாரம் போல இழைவழியே கண் இமைப்பதற்குள் ஓடும். இழையின் நுனியில் துளியிலும் துளியாக ஒரு ரசாயனம் சுரக்கும். அது பட்டதும் தசை இழுக்கும். துடிப்பு வேகமாக ஓடுவதற்கு இழையைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டு. அவனுக்கு மேல்கையில் அந்த உறை நசுங்கி, துடிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

"இழையே அறுந்திருந்தா என்னங்க பண்றது?"

"அறுந்த மாதிரித் தெரியலை. உறை தானா வளரும். ஆறு வாரம் பொறுங்க."

மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கும்படி மரச்சட்டம் ஒன்றை வைத்துக் கட்டினார். தன் விரலைப் பிடிக்கச் சொன்னார். செங்கோட்டையனே எதிர்பார்க்கவில்லை, பிடி இறுகியது. விரலை மடக்குகிற நரம்பு வேறு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டைத் தாங்கிக்கொடுத்தால் போதும் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் நேரே மாமன் வீட்டுக்குப் போய் அத்தனையும் ஒளிக்காமல் சொன்னான். மாமன் வேறு நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தார். கதவோரம் நின்று கேட்ட சௌந்திரம்தான் பேசினாள்.

"ஆறு வாரத்துல கை வந்துருமுன்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. அப்பறம் எதுக்குங்கப்பா தள்ளோணும்?"

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சடங்கு நடத்தும் அருமைக்காரர், தாலி கட்டும்போது கையில் மரச்சட்டம் கூடாது என்று கழற்றச் சொல்லிவிட்டார். செங்கோட்டையன் தாலியை எடுத்துச் சௌந்திரத்தின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனான். மணிக்கட்டு கவிழ்ந்தது. சரடு விரலிலிருந்து நழுவியது. மேளம் தடுமாறியது.

சௌந்திரம் குனிந்த தலை நிமிரவில்லை. இடது கையை மட்டும் மெல்லத் தூக்கி, தன் தோளருகே தொங்கிய அவன் மணிக்கட்டை அடியில் தாங்கி நிமிர்த்தினாள். விரல்கள் இறுகின. முடிச்சு விழுந்தது. பந்தலே சிரித்தது, அருமைக்காரரும் சிரித்துவிட்டார்.

ஐந்து வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் புறங்கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பார்த்தால் எறும்பில்லை. அடுத்த வாரம் சட்டத்தைக் கழற்றிவைத்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், கிட்டே வந்த கோழியை விரட்ட வலது கையை வீசினான். வீசிய பிறகுதான் இருவரும் கவனித்தார்கள், மணிக்கட்டு மேலே நின்றது.

"மச்சான், இன்னொருக்கா," என்றாள் சௌந்திரம்.

தூக்கினான். எழுந்தது. சோறு ஆறும்வரை தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். விரல்கள் ஒவ்வொன்றாய் வந்தன, கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கடைசியில். அது வந்த வாரம் சந்தையில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அவன் பத்து விரலையும் நிமிர்த்திக் கும்பிடு போட்டுக்கொண்டே போனான். கூட வந்த சௌந்திரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.