வரவேற்பு வாசகம்

"வாங்க வாங்க" என்பதைப் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரின் பாஷையில் எப்படிச் சொல்வது என்று டெய்லருக்குக் கற்றுக் கொடுத்ததே மச்சான்தான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"கதவு மணி அடிச்சதும் சிரிச்சுக்கிட்டே இதைச் சொல்லுங்க மாப்ளே. மத்ததை நான் பாத்துக்கறேன்."

டெய்லர் குளிக்கும்போதுகூட அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். மனைவியின் வளையல்கள் தையல் மெஷினாக மாறின. நெக்லஸ், ஓவர்லாக் மெஷினானது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கடை பிடித்தது மச்சான். பாஷை தெரிந்தவன் பேரில் இருப்பதுதான் வசதி என்றான். சரிதானே என்று தோன்றியது.

பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, தொளதொளத்த கோட்டைப் பிடித்துத் தைக்க ஆட்கள் வந்தார்கள். டெய்லர் தைத்தார். மனைவி இஸ்திரி போட்டாள். மணி அடித்தால் சிரிப்பு, வாசகம். சிலர் மட்டும் அதைக் கேட்டதும் கொண்டுவந்த துணியோடு திரும்பிப் போனார்கள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று யூனிஃபார்மில் இடுப்பைப் பிடித்துத் தைக்க ஒரு நர்ஸ் வந்திருந்தாள். தமிழ்ப் பெண். மணி அடித்தது. ஒரு கிழவர் குடையை மூலையில் சாய்த்துவிட்டுக் கோட்டை நீட்டினார். டெய்லர் பல்லெல்லாம் தெரிய வாசகத்தைச் சொன்னார். கிழவர் தலையாட்டிவிட்டுக் கோட்டோடு வெளியேறினார்.

"முதலாளி எப்ப வருவாருண்ணே?" என்றாள் நர்ஸ்.

"எந்த முதலாளிம்மா? நான்தான்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வாங்க வாங்கன்னேன். தப்பா?"

சிரிக்க ஆரம்பித்த நர்ஸ் பாதியில் நிறுத்தினாள். "அண்ணே... 'நான் வெறும் வேலையாள், முதலாளி வெளியே போயிருக்கார்'னு சொன்னீங்க."

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தெருக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர், கட்டட முதலாளி... ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சிரித்த முகத்தோடு!

கதவு திறந்தது. மச்சான். பின்னால் கட்டட முதலாளி. அவருக்கும் பின்னால் ஒரு புது ஆள், உள்ளே வந்ததும் மெஷினைத் தட்டிப் பார்த்தான்.

"மாப்ளே, கடை இவரு கைக்கு மாறிடுச்சு. கெஞ்சிக் கூத்தாடி உங்களை வேலைக்கு வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் வளையலுக்கும் வேலை கேட்டியாண்ணா?"

மச்சான் அவள் பக்கமே திரும்பவில்லை. "தெருவையே கேட்டுப் பாரு. இது இவரு கடை இல்லேன்னு நானா சொன்னேன்? இவரு வாயாலதான் தினமும் சொல்றாரு."

நர்ஸ் எழுந்து கட்டட முதலாளியிடம் படபடவென்று பேசினாள். அவர் நெற்றி சுருங்கியது. டெய்லரிடம் ஏதோ கேட்டார்.

"கடை யாருதுன்னு உங்க வாயால கேக்கணுமாம். நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கண்ணே." டெய்லரின் காதோரம் சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னாள் நர்ஸ்.

டெய்லர் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மணி அடித்தது. குடையை மறந்துபோன கிழவர்.

டெய்லரின் முகம் தன்னால் சிரித்தது. நாக்கு புரண்டது. பழைய வாசகம், முழுசாக, ஒரு பிசிறில்லாமல் வந்து விழுந்தது.

மச்சான் கட்டட முதலாளியைப் பார்த்துக் கையை விரித்தான்.

அவர் பெருமூச்சு விட்டார். சாவியைப் புது ஆளிடம் நீட்டினார்.