விருந்தினர் வரிசை

பிப்ரவரிப் பனி ஒரு வாரமாகப் பேப்பர் மில் தொழிலாளர் கடன் சங்கத்தின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூரையோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. ஆள் சேதம் ஏதுமில்லை. பார்லோ என்ற அந்தச் சிற்றூரில் பிப்ரவரி ஞாயிறு என்றால், நடமாடத் தெம்புள்ள எல்லோரும் உறைந்த ஏரியின்மேல் இருப்பார்கள். பனிக்கட்டியில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வராத மீனுக்காகக் காத்திருப்பார்கள்.

மில்லை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. சங்கம் மட்டும் மூடுவதற்கு மறந்துபோய் நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் ஆர்லிஸ் வாங்கெரின். சம்பளமில்லாத பதவி. தேர்தலன்று அவள் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சம்பளத்துக்கு அவள் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டினாள். ஊரில் யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் இறைச்சி வைத்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றே அவளுக்குத் தெரிந்துவிடும்.

திங்கள் காலை, இடிபாட்டின் முன் ட்ரெவர் ஸ்ட்ராண்ட் வந்து தொப்பியைக் கழற்றினார். நெடுஞ்சாலை ஓரத்து எலிவோராவின் தலைமை நிர்வாகி அவர். எலிவோராவும் ஒரு கடன் சங்கம்தான். போன வருஷம்வரை அதன் பெயர் மாவட்ட ஆசிரியர் கடன் சங்கம். சிகாகோவிலிருந்து வந்த ஆலோசகர்கள் நிறையப் பணம் வாங்கிக்கொண்டு இந்தப் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. அஜீரண மாத்திரையாக இருக்கலாம் என்று பாதி ஊர் நம்பியது. அங்கே கவுன்ட்டரில் இருப்பவர்களைக் ‘கனவுத் துணைவர்’ என்று அழைக்க வேண்டும். ட்ரெவருக்குப் பதவிப் பெயர் ‘உறுப்பினர் மகிழ்ச்சித் தலைமை அலுவலர்’. அட்டையில் அது இரண்டு வரிக்கு வந்தது.

“துக்கம் விசாரிக்க வந்தேன் ஆர்லிஸ்.”

“கூரைதானே விழுந்துச்சு. யாரும் சாகலையே.”

“அப்படிச் சொல்லாதீங்க. கட்டடம்கிறது ஒரு சங்கத்தோட ஆன்மா.”

“அப்படின்னா எங்க ஆன்மா ரொம்ப நாளாவே ஒழுகிட்டு இருந்துச்சு.”

ட்ரெவர் சிரித்தார். சிரிக்கவும் பயிற்சி எடுத்தவர். “எங்களோட சேர்ந்துருங்க. இணைப்புன்னு நாங்க சொல்றதில்ல. வீடு திரும்புதல்னு சொல்றோம்.”

“அதை உறுப்பினருங்கதான் முடிவு பண்ணணும். அடுத்த மாசம் ஆண்டுக் கூட்டம். ஓட்டுக்கு விடுறேன்.”

“எங்க நடத்துவீங்க? கூரையே இல்லையே. எங்க சமூகக் கூடம் இருக்கு, இலவசமா எடுத்துக்கோங்க.” தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பொருளாளர் டூயேன் குபியாக் அதுவரை இடிபாட்டில் கிடந்த சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். எந்தக் கெட்ட செய்தியையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நிம்மதியாகிவிடுவது அவன் சுபாவம்.

“கொடுத்துரலாம் ஆர்லிஸ். கதவு இல்ல, கவுன்ட்டர் இல்ல. நாளைக்கு ஜனங்க எங்க போய்ப் பணம் எடுப்பாங்க?”

“எலிவோராவுல.”

“அதத்தானே அவனும் சொல்றான்!”

“அவன் ஆளா மாறி எடுக்கச் சொல்றான் அவன். நம்ம ஆளாவே போய் எடுக்கச் சொல்றேன் நான்.”

அது அவளுடைய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நாடு முழுக்கக் கடன் சங்கங்கள் தங்களுக்குள் கிளைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று வைத்திருந்தன. அதில் சேர்ந்த எந்தச் சங்கத்தின் உறுப்பினரும் சேர்ந்த வேறெந்தச் சங்கத்தின் கவுன்ட்டரிலும் பணம் போடலாம், எடுக்கலாம். பார்லோவின் இரண்டு சங்கங்களும் அதில் எப்போதோ சேர்ந்தவை. எலிவோரா வாசலில் அதற்கான ஒட்டுப்படம்கூட இருந்தது. நிறம் பொருந்தவில்லை என்று சிகாகோக்காரர்கள் அதைக் கதவின் அடியில், ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்பதற்குக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள்.

“ஒவ்வொரு தடவைக்கும் நாம அவனுக்குக் கூலி கொடுக்கணுமே,” என்றான் டூயேன்.

“புதுக் கூரைக்கு ஆகிறதைவிடக் கம்மிதான்.”

“நீ பிடிவாதக்காரி.”

“மில்லு மூடுன வருஷம் ஞாபகம் இருக்கா? பேங்க்காரன் வீடு வீடா ஜப்தி நோட்டீஸ் ஒட்டினான். நம்ம சங்கம் என்ன பண்ணுச்சு?”

டூயேன் கடிகாரத்தைப் பார்த்தான். “ஜனங்க தவணை கட்டுற வரைக்கும் காத்திருந்துச்சு.”

“அவ்வளவுதான். எலிவோராவுல கடன் கேட்டா சிகாகோவுல இருக்கிற மெஷின் பதில் சொல்லுது. அதுக்குக் காத்திருக்கத் தெரியுமா?”

மறுநாளே மில் ஆட்கள் எலிவோராவுக்குள் நுழைந்தார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் எரியும் கணப்பு, சுவரில் வழியும் நீர்வீழ்ச்சி, உட்கார்ந்தால் எழ முடியாத சோபாக்கள். பனிக்கால பூட்ஸோடு சோபாக்களில் அமிழ்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். ட்ரெவர் சோபாக்களை அகற்றினார். பிறகு ‘விருந்தினர் வரிசை’ என்ற பலகை வைத்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில், குளிர்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில், அவர்களுக்கென்று ஒரே ஒரு கவுன்ட்டரை ஒதுக்கினார்.

அவருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரியாத ஒன்று இருந்தது. குளிரில் ஓரிடத்தில் நாள் முழுக்க அசையாமல் இருப்பதைத்தான் பார்லோக்காரர்கள் விடுமுறை என்கிறார்கள். அடுத்த நாள் எல்லோரும் மீன்பிடி வாளிகளோடு வந்தார்கள். பளிங்குத் தரையில் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். ஃப்ளாஸ்க் திறந்தது. சீட்டுக்கட்டு வந்தது. யாரோ ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகளைச் சுற்றுக்கு விட்டார்கள்.

“தூண்டில் மட்டும்தான் குறை,” என்றாள் ஆர்லிஸ்.

“அந்த நீர்வீழ்ச்சியில மீன் இருக்கா?” என்று டூயேன் கேட்டான். கிண்டலாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பகிர்வுக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. வேற்றுச் சங்க ஆள் வந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் “எந்தச் சங்கம்?” என்று கேட்க வேண்டும். வந்தவர் பெயரைச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். விருந்தினர் கவுன்ட்டரில் இருந்தவள் மார்னி. இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய அனுபவசாலி. அவள் அதை மெல்ல, ஜலதோஷம் விசாரிப்பதுபோலக் கேட்டுவந்தாள். ட்ரெவர் அவளை அழைத்துச் சொன்னார்: “சத்தமாக் கேளுங்க. நம்ம உறுப்பினர் யாரு, வெளியாள் யாருன்னு ஹாலுக்கே தெரியட்டும்.” அவமானப்பட்டு நாலு பேர் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது கணக்கு.

மார்னி சத்தமாகக் கேட்டாள். மில் ஆட்களோ காகிதக்கூழ் அரைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பேசிப் பழகி, பாதிக் காது போனவர்கள்.

“எந்தச் சங்கம்?”

“பேப்பர் மில் தொழிலாளர் கடன் சங்கம்!”

கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த ஆள் இன்னும் உரக்கச் சொன்னார். கூரையோ சுவரோ இல்லாத ஒரு சங்கத்தின் பெயர் எலிவோராவின் ஹாலில் நாள் முழுக்க ஒலித்தது. எலிவோராவின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, வாயில் நுழையாது என்பதும் ஒரு காரணம்.

கதவில் ஆட்களை எண்ணும் கருவி இருந்தது. வருகை எகிறிவிட்டதாக அது சொல்ல, ட்ரெவர் பூரித்துப்போய் மாவட்டத் தொலைக்காட்சியை வரவழைத்தார். நிருபர் பெண் நேராக டூயேனிடம் போனாள்.

“எலிவோராவுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது சார்?”

“கணப்பு நல்லா இருக்கும்மா.” டூயேன் கேமராவைப் பார்த்து நிமிர்ந்தான். “ஆனா நான் இங்க உறுப்பினர் இல்ல. நான் மில்லு.”

“அப்போ இங்க இருக்கிறவங்கள்ல யாரு எலிவோரா?”

டூயேன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் கைகட்டி நின்ற ட்ரெவரைக் காட்டினான். “அவரு ஒருத்தர் நிச்சயம்.”

அன்று மாலை ஆர்லிஸ் வேலை பார்த்த மளிகைக் கடையில் நின்று, இறைச்சி வாங்க வந்தவர்களிடமெல்லாம் டூயேன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டினான். கொடுத்துரலாம் என்று சொன்னவன் தான்தான் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை. ஆர்லிஸும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச்சில் ஆண்டுக் கூட்டம். எலிவோராவின் சமூகக் கூடத்தில், ‘வீடு திரும்புங்கள்’ என்ற பதாகையின் கீழ், மில் ஆட்கள் உருளைக்கிழங்குக் கறித் தட்டுகளோடு உட்கார்ந்தார்கள். பரிசுக் குலுக்கலில் யாருக்குப் பன்றித்தொடை விழுந்தது என்பது தீர்ந்த பிறகுதான் ஓட்டு. ஆர்லிஸ் தட்டைத் தொடாமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாளியில் உட்கார்ந்து கத்துவது வேறு, கைதூக்கி ஓட்டுப்போடுவது வேறு. இன்று தோற்றால் அந்தப் பெயரைச் சொல்ல நாளைக்கு ஆளிருக்காது.

இடம் கொடுத்தவர் என்ற உரிமையில் ட்ரெவர் பேச எழுந்தார். பயணம், குடும்பம், நாளை, ஒளி என்று போய்க் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பகிர்வு ஏற்பாட்டுல எலிவோரா என்னைக்கும் இருக்கும்னு கட்டாயம் இல்ல. நாங்க விலகிட்டா, பாவம், நீங்க எங்க போவீங்க?”

கரண்டிகள் நின்றன. டூயேனின் முகத்தில் பழைய நிம்மதி திரும்பிக்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உங்க போர்டு தலைவர் கார்டன் எங்க ட்ரெவர்? இன்னைக்கு வரலையா?”

“அவர் ஃபுளோரிடாவுல இருக்கார். குளிர்காலம் முழுக்க அங்கதான்.”

“தெரியும். கிளம்புறதுக்கு முந்தி அவர் பெண்டாட்டி பன்றிக் கறி வாங்க வந்தாங்க. உங்க போர்டுல முக்கால்வாசிப் பேரு வருஷா வருஷம் அங்கதான் வெயில் காயறாங்களாம். அங்க எலிவோரா கிளை இருக்கா?”

ட்ரெவர் தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

“இல்ல. ஆரஞ்சுத் தோட்டக்காரங்களோட கடன் சங்கம் ஒண்ணு இருக்காம். விருந்தினரா வரிசையில நின்னு பணம் எடுக்கிறாராம் உங்க கார்டன். ஆளுக்கொரு மிட்டாய் கொடுக்கிறாங்களாம், எவ்வளவு மரியாதைன்னு அந்தம்மா உருகிப்போயிட்டாங்க. நீங்க விலகினா அவரு எங்க போவாரு, பாவம்? நீங்களே போன் பண்ணிச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

முதலில் ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. அடுத்து யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. ட்ரெவர் தண்ணீர் குடித்தார். அதற்குப் பயிற்சி எடுக்கவில்லை போலிருக்கிறது, புரையேறியது.

“இணைப்புக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க,” என்றாள் ஆர்லிஸ். மூலையில் ஒரு கை எழுந்தது. பக்கத்திலிருந்தவள் விஷயத்தை விளக்கியதும் இறங்கியது.

“எதிர்க்கிறவங்க?”

டூயேன் இரண்டு கையையும் தூக்கினான். “ஒருத்தருக்கு ஒண்ணுதான் டூயேன்,” என்றாள் ஆர்லிஸ். அவன் ஒன்றை வருத்தத்தோடு இறக்கினான். கூடத்தில் மற்றெல்லாக் கைகளும் மேலேதான் இருந்தன.

மறுநாள் காலை ஆர்லிஸ் வாளியோடு எலிவோராவுக்குப் போனாள். சோபாக்கள் திரும்பி வந்திருந்தன, ஃபுளோரிடாவிலிருந்து யாரோ போன் செய்திருக்க வேண்டும். யாரும் அவற்றைச் சீண்டவில்லை. வாளிகள் பழகிவிட்டிருந்தன. ‘விருந்தினர் வரிசை’ பலகையும் காணவில்லை. ட்ரெவர் தன் கண்ணாடி அறையில், தான் கண்ணாடி அறையில் இருப்பதை மறந்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆர்லிஸின் முறை வந்தது. மார்னி முன்னால் குனிந்து கிசுகிசுத்தாள். “எந்தச் சங்கம்? மெதுவாக் கேக்கச் சொல்லி இன்னைக்குப் புது உத்தரவு.”

“காது கேக்கல மார்னி.”

மார்னி கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“எந்தச் சங்கம்?”

ஆர்லிஸ் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் இருந்த அத்தனை பேரும் வாளிகளிலிருந்து எழுந்துவிட்டார்கள்.