ரெண்டு நோய் இல்ல, மாஸ்டர்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை, வயிற்றெரிச்சல். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் கணவர் கார் மெக்கானிக். அவர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் பார்க்கும் பெண்ணை எல்லோரும் ‘மின்னல்’ என்று கூப்பிடுகிறார்கள். என்னுடைய பழைய டீசல் காரை இருவரும் சேர்ந்து சரி செய்தார்கள். கதை அவ்வளவுதான். எரிச்சல்தான் பெரியது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: “பானெட்டைத் தூக்கியதும் அவள் சிரித்தாள்.” அடித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்ததாக எழுதினால் நீங்கள் என் பக்கம் சாய்வீர்கள் என்று ஒரு நப்பாசை.

இரண்டாவது: “அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே...” காருக்கு வாழ்க்கை வரலாறு எழுதினால் பொறாமையை அதன் டிக்கியில் ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தேன். பாதியில் விட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் நேர்மையானது: “மின்னல் என் கணவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.” அவர் அண்ணன் என்றால் நான் அண்ணி. ஓர் உறவுமுறை வந்துவிட்டால் மனது பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். ஆனால் அவள் அவரை ‘மாஸ்டர்’ என்கிறாள். என்னை ‘அக்கா’ என்கிறாள். அக்காவின் புருஷன் எப்படி மாஸ்டர் ஆவார்?

இதையே வைத்துக்கொள்வோம்.

2

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அலுவலகம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. சில வாரங்களாக அந்த மேட்டில் வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முக்கி முனகியது. கூடவே, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் முழு வேகத்தில் கத்த ஆரம்பித்தது. எஞ்சின் கொதிக்கவில்லை, சூட்டு முள் ஒழுங்காக நடுவில்தான் நின்றது. ஃபேன் மட்டும் வீடு தீப்பிடித்த மாதிரி அலறியது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் அதே மேட்டில் அதே கூத்து.

“பிக்கப் இல்ல. ஃபேன் வேற கத்துது,” என்று வீட்டில் சொன்னேன்.

“சரி, வண்டிய விட்டுட்டுப் போ. பாக்கறேன்,” என்றார்.

எங்கள் உரையாடல் முழுவதும் இவ்வளவுதான். அவர் பேசாத சுபாவம் என்று நம்பித்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன்.

அவர் இரண்டு நோய்க்கும் தனித்தனியாக மருந்து கொடுத்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தது. காற்று வழியிலேயே கசிந்தால் வண்டிக்கு ஏது பலம்? குழாயை மாற்றினார். ஃபேனை முடுக்கிவிடும் ரிலேயை மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

“அப்ப மின்னல் ஒரு தடவ பாக்கட்டும்,” என்றார்.

மின்னல் அழகாக

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அழகி என்று எழுதினால் கதை மலிவாகிவிடும். அழகில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.)

3

சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தகரக் கூரை, டீசல் குடித்துக் கறுத்த தரை, சுவரில் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகத் தொங்கும் ஸ்பானர்கள். என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “ரேஸ் குடுன்னா குடு, விடுன்னா விடு,” என்றார் கணவர்.

பானெட் தூக்கியிருந்ததால் முன் கண்ணாடி முழுக்கத் தகரம். அதன் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதற்குள் நாலு கைகள் தெரிந்தன. முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

“அங்க?”

“அங்கயும் இல்ல, மாஸ்டர்.”

“அப்ப அதுவா இருக்குமோ?”

“நானும் அதத்தான்...”

“ம்.”

எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. இப்படி ஒரு பக்கம் என் மேசைக்கு வந்திருந்தால் வரிக்கு வரி கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்களுக்கு எல்லாம் புரிந்தது. அவர் கையை நீட்டினார். கேட்காமலே அவள் டெஸ்டரை வைத்தாள். வீட்டில் நான் உப்பை நீட்டினால்கூட “என்ன?” என்று கேட்கிற மனிதர்.

அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். கதவைத் திறந்து இறங்கி ஊரைக் கூட்டியிருப்பேன். அரைகுறைப் பேச்சுக்காக ஊரைக் கூட்ட முடியுமா? “ரேஸ் குடு,” என்று அவர் கத்தினார். தேவைக்கு மேலேயே கொடுத்தேன்.

“அக்கா, மெதுவா!” என்றது மின்னலின் குரல்.

(இந்த இடத்தில் அவள் கை ஃபேனில் மாட்டிக்கொள்வதாக ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

4

நின்ற இடத்தில் வண்டி எந்தக் குறையும் காட்டவில்லை. மேட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் மின்னல். நான் ஓட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர் பின் சீட்டில்.

மேடு தொடங்குமுன் அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, தினமும் ஓட்டறது நீங்கதானே? ஃபேன் முதல்ல கத்துமா, இல்ல பிக்கப் முதல்ல போகுமா?”

எனக்கு அது தெரியும். சில வாரங்களாகவே தெரியும்.

இந்தக் கதையின் ஒரு வடிவத்தில் நான் பொய் சொல்கிறேன். “பிக்கப்தான் முதல்ல போகும்,” என்கிறேன். அவர்கள் டர்போவைக் கழற்றுகிறார்கள், அது கெட்டுப்போகவில்லை, இருவரும் அசடு வழிய நிற்கிறார்கள். கதைக்கு அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அந்தச் சீட்டில் நான் போட்ட கணக்கு வேறு. டர்போவைக் கழற்றினால் இருவரும் இன்னும் ஒரு வாரம் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். உண்மை சொன்னால் இன்றோடு முடியும். ஆக, பொறாமைதான் என்னை உண்மை பேச வைத்தது.

“ரெண்டும் ஒண்ணாதான் வரும்,” என்றேன். “இடது வளைவுல, நான் அழுத்தி மிதிக்கிற அதே நேரத்துல.”

“ஒண்ணாவா?”

கண்ணாடியில் கணவரின் முகம் தெரிந்தது. “இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல.”

மின்னல் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் மாதிரி. அப்போது வளைவு வந்தது. மிதித்தேன். வண்டி இழுப்பதை நிறுத்தியது. ஃபேன் அலறியது. அவள் மடியிலிருந்த திரையில் எண்கள் மொத்தமாகச் சரிந்தன.

“ரெண்டு நோய் இல்ல, மாஸ்டர். ஒண்ணுதான்!”

5

ஓரங்கட்டினேன். அவள் எனக்குத்தான் விளக்கினாள். முழு வாக்கியங்களில், எழுவாய் பயனிலையோடு. “அக்கா, பல சென்சாருக்கு கரண்ட் ஒரே லைன்ல போகுது. அது எங்கயோ பாடியில உரசுது. மேடு ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கமா சாயுமில்ல, அப்ப ஷார்ட் ஆகுது. எவ்வளவு சூடு, எவ்வளவு காத்துன்னு கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியல. பயந்துபோய் ஃபேன முழுசா சுத்தவிடுது, டர்போவ அடக்கி வெச்சுடுது.”

இடத்தைக் கண்டுபிடித்தது கணவர். எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். “இருக்கு,” என்றார். ஒரு தகட்டின் விளிம்பில் உரசி உரசி, ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது.

“அக்கா, வந்து பாருங்க,” என்று மின்னல் கூப்பிட்டாள். போனேன். மூன்று தலைகள் ஒரே பானெட்டுக்குள். பார்த்தேன். நானும் “ம்,” என்றேன்.

ஒயருக்குப் புதுத் தோல் சுற்றி, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். மேட்டில் வண்டி அம்பு மாதிரி ஏறியது. கணவர் பின் சீட்டிலிருந்து கையை முன்னால் நீட்டினார். மின்னல் அதில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். வளைவைச் சொன்னவளுக்குத் தட்டு இல்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நியாயப்படி என் எரிச்சல் அங்கே தணிந்திருக்க வேண்டும். அவள் நல்லவள், கெட்டிக்காரி, என்னிடம் கேட்டவள். அதனால்தான் அதிகமாயிற்று. கெட்டவள் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம்!

6

இதுவரை எழுதியதைக் கணவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சோதனைக்கு வந்த வண்டியைப் பார்ப்பது போல நிதானமாகப் படித்தார்.

“அந்தத் தகடு எஞ்சினோடது. பாடியில இல்ல,” என்றார்.

“வேற?”

“வேற என்ன?” தாள்களை அடுக்கி நேராக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார். “இதப் படிச்சதுக்கப்புறம் கேக்கறது கஷ்டமா இருக்கு. மின்னல் தனியா ஒரு ஷெட் எடுக்கப் போறாங்க. என்னையும் பார்ட்னரா வரச் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?”

“உங்ககிட்ட அவளுக்கு என்ன பிடிச்சிருக்காம்?”

“அது தெரியாது. எனக்குப் பிடிச்சது சொல்லட்டுமா? பாதி சொன்னா போதும், அவங்களுக்குப் புரிஞ்சுடும்.”

“அப்ப நான்?”

அவர் தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்தார். “உன்கிட்ட முழுசா சொல்லணும். தப்பா சொன்னா திருத்துவ. அதான், ஆரம்பிக்கறதே இல்ல.”

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதில் மூன்று இடங்களில் திருத்தலாம். திருத்தவில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ‘வேண்டாம்’ என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அரைகுறைப் பேச்சுக்குக்கூடப் பஞ்சம். இன்னொன்றில், “தாராளமா சேருங்க,” என்று சிரிக்கிறேன். அப்படிச் சிரிக்கிறவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வேறொன்றில் “நானும் வர்றேன், கல்லாவுல

வேண்டாம், அது சினிமா.

நான் நிஜமாகவே ஒரு பதில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அதை இங்கே எழுதமாட்டேன். இந்தக் கதையைப் படிக்கத் தரச் சொல்லி மின்னலும் கேட்டிருக்கிறாள். உங்களிடம் அந்தக் கேள்வி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே என் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: என்னைப் பெருந்தன்மைக்காரியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.