பதினோரு டிகிரியில் ஒரு ஸ்டார்ட்

மாமாவின் கார் வரிசையில் ஐந்தாவதாக நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஜிலீரென்றது. சந்தோஷம்தான், மழுப்புவானேன்? இரண்டு வருஷமாகச் சாப்பிடும்போதும் தலை வாரும்போதும் அவள் மனசுக்குள் கரித்துக்கொட்டிக் கொண்டிருந்த மனிதர், தன் சொந்தக் காலாலேயே நடந்து அவள் மேஜைக்கு வரப்போகிறார்.

அது பந்தயத் தடத்தின் பரிசோதனைக் கொட்டகை. அவள் முத்திரை விழாமல் எந்தக் காரும் தடத்தில் இறங்க முடியாது. முதலில் அவள் பார்ப்பது இன்ஜின் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பதை. ஊர் சுற்றுகிற காருக்குக் கிலோமீட்டர் கணக்கு, பந்தயக் காருக்கு மணிக்கணக்கு. நாற்பது மணியைத் தொட்டால் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். பிரிக்காத இன்ஜின் எந்த வளைவில் வெடித்து எண்ணெயைக் கொட்டும், பின்னால் வருகிறவன் எங்கே போய் மோதுவான் என்று யாருக்கும் தெரியாது.

மாமா என்றால் அக்காவின் கணவர். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி அந்தக் காரை ஓட்டுவார்கள். ஆறு வருஷம் அதற்கு மெக்கானிக்காக இருந்தவள் இவள்தான். குளிர் காலைகளில் பந்தய இன்ஜினைச் சட்டென்று கிளப்பக் கூடாது. எண்ணெய் பாகு மாதிரி கெட்டியாகக் கிடக்கும், பேரிங்குகளுக்குப் போய்ச் சேராது, இரும்பும் இரும்பும் உரசும். அதற்காக அவளே ஒரு தள்ளுவண்டி செய்து வைத்திருந்தாள். ஒரு தொட்டி, ஹீட்டர், பம்பு, இரண்டு ஹோஸ். இன்ஜினோடு மாட்டிவிட்டால் சுடுதண்ணீர் உள்ளே சுற்றிச் சுற்றி வரும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தனியாக ஒரு ஹீட்டர் தகடு. ஒரு மணி நேரம் பொறுத்தால் அறுபது டிகிரி வரும். அப்புறம்தான் ஸ்டார்ட். “காருக்கு வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டறா என் தங்கச்சி” என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பந்தய நாள் காலை, அவள் ஹோஸ்களை மாட்டிவிட்டு டயர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால் ஹோஸ்கள் தரையில் கிடந்தன, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “எழுபது டிகிரி வந்ததைப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்” என்றார் மாமா. அரை மணியில் எழுபது எப்படி வரும்? அக்கா புருஷனிடம் எப்படிக் கேட்பது என்று டயரை மாட்ட ஆரம்பித்தாள். மத்தியானம் நேர்பாதையில் இன்ஜின் வெடித்தது. மாமா எல்லாரையும் கூட்டிவைத்து, உடைந்த கனெக்டிங் ராடை, பிஸ்டனைப் பிடிக்கிற அந்தக் கம்பியைத் தூக்கிக் காட்டி, “போல்ட்டை ஒழுங்கா முறுக்கலை” என்று தண்டோரா போட்டார். அக்கா பக்கத்தில் நின்று காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசினால் அக்கா வீட்டில் சண்டை வருமே என்று இவள் வாயை மூடிக்கொண்டு வெளியேறினாள். ஒரு வாரத்தில் ஒர்க்‌ஷாப் முழுக்க அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: லூஸ் போல்ட். அதற்கப்புறம் ஒருத்தர்கூட ஒரு ஸ்பேனரை அவள் கையில் கொடுக்கவில்லை. இந்த முத்திரை வேலைதான் கிடைத்தது.

“என்னம்மா, சௌக்கியமா?” மாமாவுக்கு வாயெல்லாம் பல். மணிநேரப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். “புது இன்ஜின். பத்தொம்பது மணிதான் ஓடியிருக்கு. சட்டுனு ஒண்ணு குத்திக் குடு.”

அக்கா காருக்கு அந்தப்பக்கம் ஹெல்மெட்டோடு நின்றாள். பார்த்தும் பார்க்காத மாதிரி.

“குத்தறேன் மாமா. காரோட கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் ஒரு தடவை பாத்துக்கறேன்.”

“மீட்டர்லயே பத்தொம்பதுன்னு இருக்கே?”

“மீட்டரை யார் வேணா பூஜ்யமாக்கலாம்.”

வயரை மாட்டினாள். லேப்டாப் திரையில் பெட்டியின் எண் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா! இன்ஜினை மாற்றியிருக்கிறார், மீட்டரைப் பூஜ்யமாக்கியிருக்கிறார், பெட்டியை மாற்றவில்லை. ஆறு வருஷம் அவள் கையால் துடைத்துப் பார்த்துக்கொண்ட அதே பழைய பெட்டி. ஒவ்வொரு ஸ்டார்ட்டும், அந்த நேரத்துச் சூடும் முதல் நாளிலிருந்து அதற்குள் இருந்தன.

புது இன்ஜின் ஏறின தேதியிலிருந்து கூட்டினாள். “நாப்பத்தி நாலு மணி, மாமா” என்று கொட்டகைக்கே கேட்கச் சொன்னாள். “புத்தகத்துல பத்தொம்பது. மிச்சம் இருபத்தஞ்சு மணி வண்டி கனவுலயா ஓடுச்சு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. தடத்தின் மேனேஜர் எழுந்து வந்தார். இவ்வளவு போதும், கார் இன்றைக்கு வெளியே. ஆனால் அவளுக்குப் போதவில்லை. இரண்டு வருஷ வயிற்றெரிச்சல் இருபத்தைந்து மணியில் அடங்குமா?

“அவசரப்படாதீங்க சார். பழைய கதை ஒண்ணும் இதுல இருக்கு” என்று பட்டியலை மேலே தள்ளினாள். அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். காலை ஏழு இருபது. தண்ணீர் பதினோரு டிகிரி. எண்ணெய் பன்னிரண்டு. அவள் டயர் எடுக்கத் திரும்பின கையோடு ஹோஸைப் பிடுங்கிக் கிளப்பியிருக்கிறார்கள். ஐம்பதாவது விநாடியிலேயே நிமிஷத்துக்கு ஏழாயிரத்து நானூறு சுற்று. இன்ஜினைக் கொலை செய்வதென்றால் இதுதான். நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் வரியின் கடைசிக் கட்டத்தில் கண் விழுந்தது. யார் ஓட்டினார்கள் என்று தெரிய இரண்டு பேருக்கும் ஸ்டியரிங்கில் தனித்தனிப் பொத்தான் உண்டு. மாமா ஒன்று. அக்கா இரண்டு.

டிரைவர்: இரண்டு.

மாமா மேஜைமேல் குனிந்தார். அவர் குரல் இறங்கி அவள் கேட்டதே இல்லை. “மூடும்மா. மீதியெல்லாம் படி, என்னை எப்படி வேணா கிழி. பழி போட்டது நான்தான். அந்த ஒரு வரி வேணாம்.”

இத்தனை நாள் ஏங்கிய கெஞ்சல் இதுதான். வந்தபோது அது ருசிக்கவில்லை.

அக்கா சுற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். “அவசரத்துல நான்தான் கிளப்பிட்டேன்டி. நீ திட்டுவியேன்னு இவர், தானே எடுத்ததாச் சொல்லிட்டார். வெடிச்சப்புறம் பயந்துட்டேன். நான் பாத்துக்கறேன், நீ பேசாதேன்னார் இவர். நாலு தடவ உனக்குப் போன் பண்ண எடுத்தேன்.”

“என்னை லூஸ் போல்ட்னு கூப்பிடறாங்க. தெரியுமா உனக்கு?”

தெரியும் என்று அக்கா தலையாட்டினாள்.

“அன்னிக்கே வந்து கேட்டிருந்தா பழியை நானே ஏத்துக்கிட்டிருப்பேன்க்கா. சந்தோஷமா ஏத்துக்கிட்டிருப்பேன். கேக்காம என் பேரை எடுத்துக்கிட்டியே.”

சொல்லும்போதே அது சத்தியம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் முன்னைவிட எரிந்தது. மாமா அந்நியர், போகட்டும். அக்கா கூடப் பிறந்தவள்.

“என்னம்மா அதுல?” என்றார் மேனேஜர்.

வரிசையில் நின்ற மெக்கானிக்குகள் கழுத்தை நீட்டினார்கள். ஸ்பேனர் கொடுக்க மறுத்த முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அக்கா அவள் கண்ணையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பார்வைக்கு அவள் எதையும் மறுத்ததில்லை.

அவள் எழுந்து நின்றாள். தேதி, நேரம், தண்ணீர், எண்ணெய், சுற்று என்று ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தாள். கடைசிக் கட்டத்தையும் படித்தாள். “டிரைவர் ரெண்டு. எங்க அக்கா.” கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு வயரைப் பிடுங்கிவிட்டு, அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த காரைக் கூப்பிட்டாள்.